பேருந்து நிறுத்தத்தைத் தேடிய உளவாளி

விமர்சகரிடம் பெருமைக்குரியவை என்று இரண்டே இருந்தன. நாற்பதாண்டுகளாக வாரந்தவறாமல் எழுதியும் அவருடைய பத்தியின் அடியில் ‘திருத்தம்’ என்ற சொல் ஒருமுறைகூட அச்சேறியதில்லை என்பது முதலாவது. இரண்டாவது, ஒரு வாக்கியம்.

முதலாவதை அவரே பிறருக்கு நினைவூட்டுவார். இரண்டாவதைப் பிறர் அவருக்கு நினைவூட்டுவார்கள்.

புகழ்பெற்ற உளவாளித் திரைப்பட வரிசை ஒன்று இருந்தது. பதினொரு படங்கள், மூன்று கதாநாயகர்கள். முதலாமவர் ஆறு படங்களில் ஒற்றைப் புருவத்தை உயர்த்தினார். மூன்றாமவர் நான்கு படங்களில் உயரமான கட்டடங்களிலிருந்து குதித்தார். இருவருக்கும் இடையே ஒருவர் வந்து, ஒரே படத்தோடு போனார். முப்பத்தோராண்டுகளுக்கு முன் அந்த ஒரே படத்தைப் பற்றி விமர்சகர் எழுதிய வாக்கியம் இது: ‘புதிய உளவாளி எதிரியைத் தேடுவதாகக் கதை சொல்கிறது, அவருடைய நடையோ பேருந்து நிறுத்தத்தைத் தேடுவதாகச் சொல்கிறது.’

ஊர் இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. மற்ற விமர்சகர்கள் மேற்கோள் குறி போட்டும் போடாமலும் எடுத்தாண்டார்கள். திரையரங்குக்குப் போனவர்களும் அந்த நடை எப்போது வரும், எப்போது சிரிக்கலாம் என்று காத்திருந்து சிரித்தார்கள். நடிகரின் பெயர் எல்லாருக்கும் மறந்துபோய், ‘பஸ் ஸ்டாப்’ என்பதே அவருக்குப் பெயராயிற்று. மூன்றாவது வாரத்தில் படம் அரங்கை விட்டுப் போயிற்று, அடுத்த ஆண்டில் நடிகர் திரையுலகை விட்டுப் போனார். வாக்கியம் மட்டும் எங்கும் போகவில்லை.

இப்போது விமர்சகரின் தேர்ந்தெடுத்த கட்டுரைகள் நூலாக வரவிருந்தன. பதிப்பாளர் நாற்பது வயதுக்காரர், சுறுசுறுப்பானவர். விமர்சகர் யோசித்து வைத்திருந்த ஏழு தலைப்புகளையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ‘பேருந்து நிறுத்தத்தைத் தேடிய உளவாளி’ என்று அட்டையை அச்சிட்டுவிட்டார். அந்த வரிசையின் பன்னிரண்டாம் படம் அடுத்த மாதம் வருகிறது. நூலும் அதே வாரம் வந்தால் நன்றாயிருக்கும். நூலின் கடைசியில் அந்தப் பழைய படத்தைப் பற்றி நான்கு பக்கத்தில் ஒரு மறுபார்வை வேண்டும் என்பது அவர் கோரிக்கை. “பழசை விட நல்லா நாலு போடு போட்டுடுங்க சார்,” என்று தொலைபேசியில் உற்சாகப்படுத்தினார். கீறல்களை நீக்கிப் புதிதாகத் துலக்கிய படப்பிரதியையும் அனுப்பிவைத்தார்.

பார்க்காத படத்தைப் பற்றி விமர்சகர் எழுதுவதில்லை. பார்த்த படமானாலும் மறுபடி பார்க்காமல் மறுபடி எழுதுவதில்லை. ஆகவே ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, சீவிய பென்சில் இரண்டும் குறிப்பேடு ஒன்றுமாகத் தொலைக்காட்சியின் முன் அமர்ந்தார். பக்கத்து நாற்காலியில் மனைவி பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார்.

முதல் ஒரு மணி நேரம் குறிப்பேட்டில் நக்கல்கள் நல்லபடியாகச் சேர்ந்தன. அதன்பின் ரயில் நிலையக் காட்சி வந்தது. உளவாளியும் அவனுடைய பழைய நண்பனும் நடைமேடையில் நிற்கிறார்கள். தையல்காரரிடம் கொடுத்த கோட்டை வாங்கப் போகவே நேரமில்லை என்று நண்பன் சலித்துக்கொள்கிறான். நான் வாங்கிவருகிறேன் என்கிறான் உளவாளி. உளவாளிக்குக் குறிவைத்த குண்டு நண்பன்மேல் பாய்கிறது. அடுத்து ஒரு நீண்ட தெரு. உளவாளி தனியே நடக்கிறான்; கடைகளின் பெயர்ப்பலகைகளை நிமிர்ந்து நிமிர்ந்து பார்க்கிறான்; இரண்டு முறை அதே கடையைக் கடந்து போகிறான். ஒருவழியாகத் தையல்காரரிடம் நுழைந்து கோட்டை வாங்குகிறான். ‘போட்டுப் பாருங்க’ என்கிறார் தையல்காரர். போடுகிறான். கை நான்கு விரற்கடை குட்டை. ‘சரியா இருக்கு’ என்று சொல்லிவிட்டு வெளியே வருகிறான்.

விமர்சகரின் பென்சில் நின்றது. பட்டாணி உரிக்கும் ஓசையும் நின்றது. பார்த்தால், மனைவி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

விமர்சகர் உள்ளே போய்ப் பழைய கட்டுரையை எடுத்துவந்தார். அதில் தெளிவாக எழுதியிருந்தது: நண்பன் குத்துக்கல்லாட்டம் உயிரோடிருக்கையில் உளவாளி தெருத்தெருவாகத் துக்கம் அனுசரிக்கிறார், கோட்டை வாங்கிவந்த பிறகும் அதை வாங்க நேரமில்லை என்று நண்பன் சலித்துக்கொள்கிறான், வாங்கியாயிற்று என்று சொல்ல இவருக்குத் தோன்றவில்லை, நண்பன் செத்த மறுநிமிடமே விசைப்படகில் ஏறிச் சிரிக்கிறார். ‘இதைத் திரைக்கதையின் ஓட்டை என்று சிலர் சொல்லலாம். நல்ல நடிகர் அந்த ஓட்டையை முகத்தால் அடைத்திருப்பார்.’

துலக்கியவர்கள் காட்சிகளை இடம் மாற்றிவிட்டார்கள் என்றார் விமர்சகர். அவருக்குத் தெரிந்தவரை உலகில் தவறு செய்யக்கூடியவர்கள் அவர்கள்தான்.

“அவங்க ஒண்ணும் மாத்தல,” என்றார் மனைவி. “அன்னைக்குப் பத்திரிகைக்காரங்களுக்குன்னு போட்ட முன்னோட்டக் காட்சிக்கு நானும்தானே கூட வந்தேன்? முதல்ல அழறான், அப்புறமா சாவு வருது, என்னமோ இடிக்குதேன்னு வர்ற வழியிலேயே கேட்டேன். நவீன சினிமா உனக்குப் புரியாதுன்னு சொல்லிட்டீங்க.”

சொன்னது நினைவில்லை என்று விமர்சகர் தெரிவித்தார். தமக்கு நன்றாக நினைவிருக்கிறது என்றும், எந்தத் திருப்பத்தில் வண்டி வந்துகொண்டிருந்தபோது சொன்னார் என்பதுகூட நினைவிருக்கிறது என்றும் மனைவி தெரிவித்தார். முப்பத்தோராண்டுகளாக அதைப் பத்திரமாக வைத்திருந்தவரைப் போல, ஒரு சொல் குறையாமல் தெரிவித்தார்.

அந்த முன்னோட்டக் காட்சியைத் திரையிட்டவர் வேறு யாருமில்லை, மனைவியின் தம்பிதான். அந்த முன்னோட்ட அரங்கில் இருபத்தெட்டாண்டுகள் ஆப்பரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தம் கையில் ஒரு படச்சுருள்கூட இடம் மாறியதில்லை என்று குடும்ப விசேஷங்களில் சொல்லிக்கொள்வார். திருத்தமே கண்டிராத அத்தானும் சுருளே மாற்றாத மைத்துனரும் ஒரே பந்தியில் உட்கார்ந்தால், தப்பும் தவறுமாக வாழும் மற்ற உறவினர்கள் கொஞ்சம் தள்ளியே உட்காருவார்கள்.

மைத்துனர் இரண்டு தெரு தள்ளி இருந்தார். கால்மணி நேரத்தில் வந்தார். எந்தப் படம் என்று கேட்டார். சொன்னதும் உட்காராமல் நின்றார்.

“ஏழாவது ரீலும் எட்டாவது ரீலும் மாறிப்போச்சு அத்தான்,” என்றார்.

விமர்சகர் கண்ணாடியைக் கழற்றினார். அது தெரியும் என்றார். ஏன் மாறியது என்பதுதான் கேள்வி. இருபத்தெட்டாண்டு அனுபவசாலி இவ்வளவு அலட்சியமாக இருக்கலாமா, ஒரு நடிகரின் வாழ்க்கை, ஒரு விமர்சகரின் பெயர், எல்லாம் ஒரு சுருள் டப்பாவை எடுக்கும் கையில் இருக்கிறது என்ற பொறுப்பு வேண்டாமா என்று, நான்கு உட்பிரிவுகள் கொண்ட ஒரு வாக்கியத்தைத் தொடங்கி, தடுமாறாமல் முடித்தார். மைத்துனர் முழுவதையும் கேட்டுக்கொண்டார். அக்காவைப் பார்த்தார். சொல்லு என்பதுபோல் அக்கா தலையசைத்தார்.

“இன்டர்வெல்ல நீங்க மேல என் ரூமுக்கு வந்தீங்க, ஞாபகம் இருக்கா? ஏழாவது டப்பாவும் எட்டாவது டப்பாவும் ஸ்டூல்மேல இருந்துச்சு. அடுத்து ஓட்ட வேண்டியது மேல, அதுக்கடுத்தது கீழ. அதான் என் கணக்கு. கொஞ்சம் கோணலா இருந்துச்சு. நான் மெஷின்கிட்ட குனிஞ்சிருந்தேன். இப்படியா வெப்பாங்கன்னு சொல்லிட்டு, நீங்கதான் ஒண்ணொண்ணா எடுத்து மேஜைமேல அடுக்கினீங்க. ஓரம் பிசகாம.”

மேல் டப்பாவை முதலில் எடுத்து மேஜைமேல் வைத்தால் அது அடியில் போகும் என்பதையும், கீழ் டப்பா அதன்மேல் வந்து உட்காரும் என்பதையும் விமர்சகர் மனத்துக்குள் இரண்டு முறை செய்து பார்த்தார். இரண்டு முறையும் எட்டுதான் மேலே வந்தது. பிறகு, தெரியாத யாருடையதையோ பார்ப்பதைப் போலத் தம் கைகளைப் பார்த்தார்.

மீதியை மைத்துனர் தயங்கித் தயங்கிச் சொன்னார். எட்டாம் சுருள் ஓடத் தொடங்கியதும் அவருக்குத் தெரிந்துவிட்டது. நிறுத்தச் சொல்லிக் கீழேயிருந்து யாராவது கத்துவார்கள் என்று சன்னல் வழியே பார்த்தபடி காத்திருந்தார். கீழே பதினான்கு விமர்சகர்கள் இருந்தார்கள். பதினான்கு பேரும் கன்னத்தில் கைவைத்துக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் கத்தவில்லை. காட்சி முடிந்ததும் இருவர் மேலே வந்து ஒளி நன்றாக இருந்தது என்று பாராட்டிவிட்டுப் போனார்கள்.

“மறுநாளே ஏண்டா சொல்லல?” என்றார் அக்கா.

“சொல்லலாம்னுதான்க்கா வந்தேன். அத்தான் கட்டுரைய வாசிச்சுக் காட்டினாரு. வாசிக்கறப்ப அவர் முகத்த நீ பாத்தியே. அப்புறம் எப்படிச் சொல்றது?”

தெரிந்தவர்கள் நாம் மூவர்தான், மூவரும் சாப்பிட்டுவிட்டு மறந்துவிட்டால் போயிற்று என்று மைத்துனர் ஒரு யோசனை சொன்னார். அவருக்கும் காக்க வேண்டிய ஒரு பெயர் இருந்தது. விமர்சகருக்கு அந்த யோசனை பிடித்துத்தான் இருந்தது. அட்டை அச்சாகிவிட்டது, நூலின் தலைப்பே அந்த வாக்கியம், அதைத் தவறென்று ஒப்புக்கொண்டால் நாற்பதாண்டுப் பெருமைகள் இரண்டும் ஒரே நாளில் கவிழும். வாயை மூடிக்கொண்டு நான்கு பக்கம் எழுதினால் எதுவும் கவிழாது. அவர் எழுத உட்கார்ந்தார். முதல் வாக்கியத்துக்கு எழுவாய் கிடைத்தது. பயனிலை வர மறுத்தது. திங்கள்வரை வரவில்லை.

செவ்வாய்க்கிழமை, தமக்கே விளங்காத ஒரு காரியத்தைச் செய்தார்: ஒரு டிரைவிங் ஸ்கூலில் பெயர் கொடுத்தார். அறுபத்தாறு வயதுவரை அவர் எந்த வண்டியையும் ஓட்டியதில்லை. ஓட்டும் விருப்பமும் இல்லை. ஆனால் அந்தப் பள்ளியின் பெயர்ப்பலகையில் ‘பஸ் ஸ்டாப் டிரைவிங் ஸ்கூல்’ என்று எழுதியிருந்தது. அது ஒரு பேருந்து நிறுத்தத்துக்கு நேர் பின்னால் இருந்தது; அதை நடத்துபவர் அந்த ஒரே படத்து நடிகர் என்று அவர் கேள்விப்பட்டிருந்தார்.

பழைய நடிகர் மெலிந்து, தலை முழுக்க நரைத்திருந்தார். படிவத்தை வாங்கி ஒருமுறை பார்த்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். விமர்சகரை ஓட்டுநர் இருக்கையில் அமர்த்தித் தாம் பக்கத்தில் அமர்ந்தார். அவருடைய காலடியிலும் ஒரு பிரேக் இருந்தது. கிளட்சை மெதுவாக விட வேண்டும், கண்ணாடியைப் பார்க்க வேண்டும், பயப்பட வேண்டாம் என்றெல்லாம், தினமும் பத்துப் பேருக்குச் சொல்பவரின் சலிப்பற்ற குரலில் சொன்னார். வண்டி முதல் கியரில் ஒரு சுற்றுச்சுவரைச் சுற்றி ஊர்ந்தது. இரண்டாம் சுற்றில் விமர்சகர், ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்று தொடங்கினார்.

“ரோட்டைப் பாத்துச் சொல்லுங்க சார். உங்க போட்டோவ முப்பது வருஷமா பத்தியில பாக்கறேன். யாருன்னு தெரியும்.”

விமர்சகர் சாலையைப் பார்த்தே சொன்னார். ஸ்டூல், மேஜை, ஏழு, எட்டு, ஓரம் பிசகாமல் அடுக்கிய இரண்டு டப்பாக்கள், ஒன்றையும் விடவில்லை. மைத்துனர்மேல் பாதியைச் சாய்க்கலாம் என்று வழியில் எண்ணியிருந்ததை மட்டும் விட்டுவிட்டார். மூன்றாம் சுற்றின் திருப்பத்தில், வண்டி தானாக நின்றது. நிறுத்தியது பக்கத்துக் கால்.

நடிகர் சிரித்தார். அடக்கப் பார்த்து முடியாமல், முன்பலகையில் கையூன்றிக்கொண்டு சிரித்தார். முடிந்ததும் கண்ணைத் துடைத்தார்.

“படம் வந்தப்ப ஒரு வாசகர்னு சொல்லி உங்களுக்கு ஒரு லெட்டர் போட்டேன். முதல்ல நண்பன் சாவறான், அப்புறம்தான் கோட்டுன்னு. கார்டுல பதில் போட்டீங்க. ‘அன்பருக்கு, படத்தை மறுபடி கவனமாகப் பார்க்கவும்.’ பாத்தேன் சார். ஒன்பது தடவ பாத்தேன்.”

அந்தக் கார்டின் நகல் வீட்டில் ஒரு கோப்பில் இருப்பதும், அதன் மூலையில் ‘முட்டாள்’ என்று தம் கையாலேயே குறித்து வைத்திருப்பதும் விமர்சகருக்கு நினைவு வந்தன.

“கோட்டு விஷயத்துல தூங்கிட்டீங்க போலன்னு விட்டுட்டேன்,” என்றார் நடிகர். “ஆனா நடை விஷயத்துல முழிச்சிருந்திருக்கீங்க. அதான் என்னை உலுக்கிடுச்சு. எங்கம்மா இறந்த அன்னைக்கு எங்கப்பா ஆஸ்பத்திரியவிட்டு வெளிய வந்தாரு. பஸ் ஸ்டாப் எங்கேன்னு தேடினாரு. அங்கயும் இங்கயும் போறாரு, போர்டுபோர்டா பாக்கறாரு. பஸ் ஸ்டாப்புலதான் நின்னுட்டிருந்தாரு. நான் பின்னாடியே வந்தேன்; சொல்ல வாய் வரல. அந்த நடையத்தான் நடந்தேன். டைரக்டருக்குக்கூடச் சொன்னதில்ல. உலகத்துல ஒரே ஒரு ஆள் கண்டுபிடிச்சாரு. கண்டுபிடிச்சவரே நல்லா இல்லன்னு சொல்லிட்டா, அப்புறம் யாருக்காக நடிக்கறது?”

விமர்சகரின் கால் கிளட்சிலிருந்து நழுவியது. வண்டி ஒருமுறை குலுங்கி அணைந்தது. பின்னால் வந்த மிதிவண்டிக்காரர் ஏதோ சொல்லிவிட்டுப் போனார்.

கட்டுரையை நூலிலிருந்து எடுத்துவிடுகிறேன், அட்டையை மாற்றச் சொல்கிறேன், வாக்கியத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்றார் விமர்சகர். நடிகர் வேண்டாமென்று கையசைத்தார்.

“அந்த வரிய எடுத்துடாதீங்க சார். நான் நடிச்சதுக்கு அது ஒண்ணுதான் சாட்சி. அந்த வரி சரியாத்தான் இருக்கு. அதுக்கு அடுத்த வரிதான் தப்பு.”

அடுத்த வரி விமர்சகருக்கு மனப்பாடம்: ‘இப்படி நடப்பவருக்கு இந்த வேடம் எதற்கு?’ அதை அவர் சொல்லிப் பார்க்கவில்லை.

“இப்ப சாவியத் திருப்புங்க,” என்றார் நடிகர். “கண்ணாடியப் பாத்துட்டு. இன்னும் ரெண்டு ரவுண்டு இருக்கு.”

விமர்சகர் வீட்டுக்கு வந்து நான்கு பக்கத்தை இரண்டு நாளில் எழுதி முடித்தார். முதல் பக்கத்தின் தலையில், நடுவில், தனியே, ‘திருத்தம்’ என்று எழுதினார். எழுதியபின் அந்தச் சொல்லைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கையெழுத்தில் அது வந்தது அதுவே முதல் முறை. உள்ளே எல்லாம் இருந்தது: ஸ்டூலின் இடம், மேஜையின் உயரம், டப்பாக்களைத் தூக்கிய கை வலக்கை என்பது, பதினான்கு பேர் கவனித்தும் காணாதது, தையல்காரரின் கடையில் குட்டைக் கை கோட்டை அணிந்து ‘சரியா இருக்கு’ என்று சொல்லும் அந்த முகம். பதினொரு படங்களில் உளவாளி மனிதனாக இருந்தது அந்த ஒரு தெருவில் மட்டும்தான் என்றும், அவ்வாறு நடக்கத் தெரிந்தவருக்கே அந்த வேடம் உரியது என்றும் முடித்திருந்தார். வாக்கியத்தை வைத்துக்கொண்டார், அடுத்த வரியை, பக்க எண் சொல்லி, நீக்கினார்.

திருத்தத்தைப் பற்றிப் பதிப்பாளரிடம் தொலைபேசியில் சொன்னார். அட்டை அப்படியே இருக்கலாமா என்று மட்டும் அவர் கேட்டார். அட்டையில் பிழையில்லை என்றார் விமர்சகர். வெள்ளிக்கிழமை தாமே வந்து தாள்களை வாங்கிப்போவதாகப் பதிப்பாளர் சொன்னார்.

வெள்ளிக்கிழமை முதலில் வந்தவர் மைத்துனர். கட்டுரையில் தம்மைப் பற்றி என்ன இருக்கிறது என்று பார்த்தார். ‘ஆப்பரேட்டர் பிழையற்றவர்’ என்று இருந்தது. இரண்டு முறை படித்துவிட்டு, சாப்பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகலாமா என்று அக்காவைக் கேட்டார்.

அடுத்துப் படித்தவர் மனைவி. மூன்றாம் பக்கத்தில் விரலை வைத்தார். ‘அருகிலிருந்த ஒருவர் அன்றே இதைச் சுட்டிக்காட்டினார்’ என்று அங்கே எழுதியிருந்தது.

“யாருங்க அது, அருகிலிருந்த ஒருவர்?”

நடை கருதி அப்படி எழுத வேண்டியிருந்தது என்று விமர்சகர் விளக்கினார். தன்மைக்கூற்றைக் குறைப்பது கட்டுரைக்குக் கம்பீரம் தரும் என்றார். மனைவி அதையும் கேட்டுக்கொண்டு, விரலை எடுக்காமல் நின்றார். விமர்சகர் பேனாவை எடுத்து, அடித்து, மேலே ‘என் மனைவி’ என்று எழுதினார். பிறகு, கேட்காமலே, ‘நான் கேட்கவில்லை’ என்றும் சேர்த்தார்.

வாசலில் பதிப்பாளரின் வண்டிச் சத்தம் கேட்டது. அவசரத்தில் மைத்துனர் நான்கு தாள்களையும் சேர்த்துப் பக்கத்திலிருந்த ஸ்டூலின்மேல் வைத்தார். ஒன்று வெளியே நீட்டிக்கொண்டும் ஒன்று சாய்ந்தும் கிடந்தன. விமர்சகரின் வலக்கை தானாக அவற்றை நோக்கிப் போனது.

“அத்தான்,” என்றார் மைத்துனர்.

கை பாதியில் நின்றது. அக்காவும் தம்பியும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். விமர்சகர் கையை மடக்கி, முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, கதவைத் திறக்கப் போனார்.